ரீட் மஞ்சள் குழிமணி மக்காச்சோளம்

ரீட் மஞ்சள் குழிமணி மக்காச்சோளம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் 19 ஆம் நூற்றாண்டில் உருவான மரபுவழிப் பயிர் வகை ஆகும். மணி காயும்போது அதன் உச்சியில் சிறு குழி விழுவதால் இது குழிமணி எனப்படுகின்றது. ஆங்கிலத்தில் இதனை டென்ட் என்பர். மக்காச்சோள வலயம் என அழைக்கப்படும் அமெரிக்க நடுமேற்குப் பகுதியின் மஞ்சள் குழிமணி வகைகள் எவ்வாறு தோன்றின என்பதை விளக்க இவ்வகையின் வரலாறு உதவுகின்றது.

வரலாறு

1846 இல் ராபர்ட் ரீட் என்னும் உழவர் ஒகையோ மாநிலத்தில் இருந்து இலினொய்க்குக் குடிபெயர்ந்தார். அவர் தம்முடன் கோர்டன் ஹாப்கின்ஸ் என்னும் மக்காச்சோள விதையைக் கொண்டுவந்தார். அவ்வாண்டு காலந்தாழ்த்தி விதைத்ததால் கதிர்கள் நன்கு முற்றவில்லை. அவ்விதையை 1847 இல் விதைத்தபோது பல இடங்களில் அது முளைக்கவில்லை. அந்த வெற்றிடங்களில் லிட்டில் யெல்லோ என்னும் விரைவில் முற்றும் சிறு மஞ்சள் வகையை ரீட் ஊன்றினார். மக்காச்சோளத்தில் மகரந்தம் காற்றின் வழியே பரவுவதால் இரு வகைகளும் வயலிலேயே கலந்தன.

இக்கலப்பில் இருந்து சிறந்த கதிர்களை அவருடைய மகன் ஜேம்ஸ் ரீட் பல ஆண்டுகள் தெரிவு செய்து வந்தார். 1893 இல் சிகாகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் பரிசு பெற்ற பின்னர் இவ்வகை நடுமேற்கு முழுவதும் பரவியது.

தோற்றம் பற்றிய ஆய்வு

நடுமேற்கின் குழிமணி வகைகள் அமெரிக்கப் பழங்குடியினர் தொன்றுதொட்டு அதே வடிவில் பயிரிட்டவை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1940களில் தாவரவியலாளர்களான எட்கர் ஆண்டர்சன், வில்லியம் பிரவுன் ஆகியோர் இக்கருத்தை மறுத்தனர். இவை இரண்டு பழைய இனங்கள் 19 ஆம் நூற்றாண்டில் கலந்ததால் உருவானவை என அவர்கள் காட்டினர்.

* வடபகுதிக் கடினமணி இனம்: நீண்டு மெலிந்த கதிர், பெரும்பாலும் 8 அல்லது 10 மணிவரிசைகள், கடினமான மணி, விரைவில் முற்றும்.
* தென்பகுதிக் குழிமணி இனம்: பருத்த கதிர், மிகுதியான மணிவரிசைகள், மென்மையான மணி, காலந்தாழ்ந்து முற்றும். மெக்சிக்கோவின் குழிமணி வகைகளுடன் தொடர்புடையது.

குரோமோசோம்களில் காணப்படும் முடிச்சு போன்ற தடிப்புகளும் சான்றாக அமைந்தன. இவை வட இனத்தில் மிகக் குறைவு, தென் இனத்தில் மிகுதி. நடுமேற்கு வகைகள் இவற்றுக்கு இடைப்பட்டவை. எழுத்துச் சான்றும் உண்டு. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜான் லொரெய்ன், ரீட் குடும்பத்துக்கு முன்னரே, இவ்விரு இனங்களையும் வேண்டுமென்றே கலந்து பயிரிடுவதைப் பற்றி எழுதியுள்ளார். எனவே ரீட் வயலில் நிகழ்ந்தது தனித்த நிகழ்வு அன்று. 1988 இல் வெளியான நொதி வடிவங்கள் பற்றிய ஆய்வும் கலப்புத் தோற்றத்துக்கு ஆதரவாக அமைந்தது.

பெயரும் மரபும்

காற்றுவழி மகரந்தச் சேர்க்கை நடைபெறும் பயிரில் வகையின் பெயர் மட்டும் மரபுக்குச் சான்றாகாது. ஒரே பெயரில் வெவ்வேறு பண்ணைகளில் காக்கப்பட்ட விதைகள், அண்டை வயல்களின் மகரந்தத்தாலும் உழவரின் தெரிவாலும் வேறுபட்டுவிடும். ஆகவே குடும்ப வழக்கு, பழைய எழுத்துப் பதிவு, கதிரின் அமைப்பு, மரபியல் ஆகியவற்றை ஒப்பிட்டே தோற்றத்தைத் துணிய வேண்டும்.

முக்கியத்துவம்

இன்றைய வீரிய ஒட்டு மக்காச்சோளத்தின் மரபில் ரீட் வகைக்குப் பெரும் பங்கு உண்டு. 2009 இல் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்ட பி73 என்னும் தூய வழியின் முன்னோர்களிலும் இது இடம்பெறுகின்றது. கலப்பு 19 ஆம் நூற்றாண்டுக்குரியது எனினும், கலந்த இரு இனங்களையும் உருவாக்கியவர்கள் பழங்குடி உழவர்களே. ரீட் என்ற பெயரில் உள்ள விதையை மட்டும் சேமித்தால் அப்பழைய இனங்களின் பண்புகள் முழுமையாகக் கிடைக்கமாட்டா. அவற்றையும் தனித்தனியே பாதுகாப்பது இன்றியமையாதது.