படத்தில் வெள்ளை... வயலில் மழை இல்லை!

செயற்கைக்கோள் மேகப் படத்தைப் படிப்பது எப்படி?

ஐப்பசி மாதம். மேலுரமாக யூரியா போடலாமா, இரண்டு நாள் பொறுக்கலாமா என்று யோசிக்கும் விவசாயி, இப்போது வானத்தோடு செல்போனையும் பார்க்கிறார். வங்கக்கடல் முழுக்க வெள்ளை வெளேரென்று மேகம். 'கொட்டப்போகுது' என்று உரத்தை நிறுத்திவைக்கிறார். ஒரு சொட்டுகூட விழவில்லை. இன்னொரு நாள் படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. போட்ட உரத்தை மழை அடித்துக்கொண்டு போய்விடும்.

படம் பொய் சொல்வதில்லை. அது எதைச் சொல்கிறது என்பதில்தான் குழப்பம்.

வெள்ளை என்றால் குளிர்

இன்சாட்-3டிஆர் (2016), இன்சாட்-3டிஎஸ் (2024) போன்ற செயற்கைக்கோள்கள், சுமார் 36,000 கி.மீ உயரத்தில் இருந்தபடி இந்தியப் பெருங்கடலை இரவு பகலாகப் படமெடுக்கின்றன. இவற்றின் அகச்சிவப்புப் படம் அளப்பது மழையை அல்ல. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை. மேகம் உயர உயர உச்சி குளிரும். படத்தில் வெள்ளை கூடும்.

மூன்று வகை மேகங்கள்

இடிமழை மேகம்: சூடான கடல்மேல் செங்குத்தாக வளர்ந்து, 15 கி.மீ உயரத்தைக்கூடத் தொடும். உச்சி மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே போகும். படத்தில் பளிச்சென்ற வெள்ளை. கனமழை தரும்.

கீற்று மேகம்: உயரத்தில் மிதக்கும் மெல்லிய பனித்துகள் படலம். இதுவும் குளிர்ந்தது, இதுவும் வெள்ளைதான். ஆனால், தரைக்கு மழை வராது. தென்மேற்குப் பருவத்தில் வங்கக்கடல் இடிமேகங்களின் உச்சி குடைபோல விரிய, மேலடுக்குக் கீழைக்காற்று அதைத் தென்னிந்தியா பக்கம் இழுத்து வருவதுண்டு. ஆடியில் மேகம் மூடியும் மழை ஏமாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாழ்ந்த மேகம்: உச்சி அவ்வளவாகக் குளிராததால், அகச்சிவப்புப் படத்தில் சாம்பல் நிறமாக மங்கித் தெரியும். ஆனாலும் மழை தரும். மேற்குத்தொடர்ச்சி மலையோரம் இப்படிப்பட்ட மேகமே வெளுத்து வாங்குவதுண்டு.

மேகத்துக்குள் பார்க்கும் கண்

கடல் முழுக்க மழைமானி வைக்க வழியில்லை. அதனால், மேகத்தின் உள்ளேயே பார்க்கும் நுண்ணலைக் கருவிகளும் ரேடாரும் விண்வெளிக்குப் போயின. 1997-ல் ஏவப்பட்ட டி.ஆர்.எம்.எம் செயற்கைக்கோள்தான் மழை அளக்கும் ரேடாரை முதன்முதலில் சுமந்தது. இஸ்ரோவும் பிரான்ஸும் சேர்ந்து 2011-ல் ஏவிய மேகா-டிராபிக்ஸ், வெப்பமண்டலத்தின் மழையையும் காற்று ஈரத்தையும் அளந்தது. 2014 முதல் ஜி.பி.எம் அந்த வேலையைத் தொடர்கிறது.

விவசாயி செய்யவேண்டியது

* ஒரே படத்தை நம்ப வேண்டாம். இரண்டு, மூன்று மணி நேரப் படங்களை வரிசையாகப் பார்க்கவும். வெள்ளைத் திட்டு பருத்துக்கொண்டே நகர்ந்தால் கவனம் தேவை. ஓரம் கலைந்து, மெலிந்து, இழுபட்டால் அது பெரும்பாலும் கீற்று மேகம்.

* பகலில் சாதாரண ஒளிப்படத்தையும் ஒப்பிடவும். இரண்டிலும் பளிச்சென்றிருந்தால் அடர்ந்த உயர் மேகம். ஒளிப்படத்தில் மட்டும் பளிச்சென்றிருந்தால் தாழ்ந்த மேகம்.

* உரம், மருந்துத் தெளிப்பு, அறுவடைக்கு முன் சென்னை, காரைக்கால் ரேடார் படத்தைப் பார்க்கவும். மழைத்துளி இருக்கிறதா என்பதை அது நேரடியாகக் காட்டும்.

* செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையை 'மேகதூத்' செயலியில் படிக்கவும்.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களில்தான் வருகிறது. அந்த நாட்களில் வெள்ளையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், ஒரு மூட்டை உரமாவது மிஞ்சும்.