போனக்காட்டுப் பாறையில் சிப்பி ஏன் இல்லை?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரா தாண்டி மலையேறினால் போனக்காடு. அகத்தியமலையின் மேற்குச் சரிவில் ஆங்கிலேயர் காலத்தில் தேயிலை போட்ட இடம். தொழிற்சாலை ஓடி நின்று பல வருஷமாகிறது. தமிழ்க் குடும்பங்கள் இன்னும் லயங்களில் இருக்கின்றன. இந்த மலைப்பகுதியின் பாறையை உடைத்துப் பார்த்தால் உள்ளே வரிவரியாக இருக்கும். ஒரு வரி வெளுப்பு, அடுத்தது சாம்பல், நடுநடுவே மிளகளவில் சிவப்புக் கார்னெட் மணிகள், ஆங்காங்கே விரலில் கறுப்பாக ஒட்டும் செதில்கள். வரியைக் கண்டதும், இது அடுக்கடுக்காகப் படிந்த கல், உள்ளே சிப்பியோ இலைத்தடமோ இருக்கலாம் என்று தோன்றும். எத்தனை கல்லை உடைத்தாலும் ஒன்றும் அகப்படாது. அது ஏன் என்று தெரிந்துகொண்டால், புதைபடிவம் எப்படி உண்டாகிறது என்பதில் பாதி விளங்கிவிடும்.

செத்ததெல்லாம் புதைபடிவம் ஆவதில்லை. போனக்காட்டுக் காட்டில் ஒரு மிளா செத்து விழுந்தால் செந்நாயும் பன்றியும் தின்றது போக, மிச்சத்தை எறும்பும் பூஞ்சையும் முடித்துவிடும். எலும்பாவது தங்குமா என்றால் அதுவும் இல்லை. ஓயாத மழையில் ஊறிய காட்டு மண் புளிப்பேறியது. எலும்பிலுள்ள சுண்ணாம்பை அது கரைத்துவிடும். உயிர்கள் மிகுந்த மழைக்காடு, அவற்றின் தடயத்தை வைத்துக்கொள்வதில் மிக மோசமான இடம்.

உடல் தப்ப வேண்டுமானால் சீக்கிரம் மூடப்பட வேண்டும். ஆற்று முகத்துவாரம், ஏரியடி, ஆழமில்லாத கடல் ஆகியவற்றில்தான் அது பெரும்பாலும் நடக்கும். வண்டலும் மணலும் மேலே விழுந்து மூடினால் பிராணவாயு உள்ளே போவது குறைகிறது. தின்ன வரும் உயிர்களும் குறைகின்றன. சதை அப்போதும் அழுகத்தான் செய்யும். ஓடு, எலும்பு, பல், மரம் போன்ற கெட்டியான பகுதிகள் தங்கும். மேலே வண்டல் ஏற ஏற அடியில் உள்ளது நசுங்கி நீரை இழக்கிறது. துகள்களுக்கு நடுவே ஊறும் நீர் கொண்டுவரும் சுண்ணாம்போ சிலிக்காவோ அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. படிவுப் பாறை இப்படித்தான் பிறக்கிறது. உள்ளே மாட்டிய ஓடும் அதனுடனே கல்லாகிறது.

இதைக் கண்ணால் பார்க்க நமக்கு அரியலூரும் பெரம்பலூரும் இருக்கின்றன. கிரெட்டேசியக் காலத்தில் அந்த நிலம் கடலடியில் கிடந்தது. அங்கிருந்து சேர்த்த படிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இலேயே விவரித்தார். பிறகு ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காகப் பல தொகுதிகள் எழுதினார். அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில், ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரைஃபியா என்ற தடித்த சிப்பி அள்ள அள்ள வருகிறது. ஓட்டின் வளர்ச்சி வரிகளைக்கூட விரலால் தடவிப் பார்க்கலாம்.

அதே கடலில் நீந்திய அம்மோனைட் என்ற உயிரியின் சுருள் ஓடு பல இடங்களில் தங்கவில்லை. காரணம் ஓட்டின் சரக்கு. சிப்பியின் ஓடு பெரும்பாலும் கால்சைட்டால் ஆனது. அது எளிதில் கரையாது. அம்மோனைட்டின் ஓடு அரகோனைட். இரண்டும் ஒரே கால்சியம் கார்பனேட்தான், ஆனால் அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் வேறு. அரகோனைட் நிலத்தடி நீரில் சுலபமாகக் கரைந்து போகும். அது கரைவதற்குள் ஓட்டின் உள்ளே புகுந்த சேறு இறுகிக் கல்லாகிவிட்டால், நம் கைக்கு வருவது ஓடு அல்ல, ஓட்டின் உள்ளச்சு. பூஜையறையில் வைக்கும் சாளக்கிராமமும் பெரும்பாலும் அம்மோனைட் பதிந்த கல்தான்; இமயமலையில் கண்டகி ஆறு உருட்டிக் கொண்டுவருவது. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. அவை அம்மோனைட்டைச் சுற்றிச் சேறு இறுகிய உருண்டைகள் என்று புவியியலாளர்கள் விளக்கிய பிறகே பேச்சு அடங்கியது.

மரத்தின் கதை வேறு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டருக்கும் மேல் நீளம். கரையிலிருந்து அடித்து வரப்பட்டுக் கடல் வண்டலில் புதைந்த மரம் அது. மரத்தின் நுண்ணறைகளில் நிலத்தடி நீர் ஏறி, நீரிலிருந்த சிலிக்கா அங்கேயே படிந்து, மரம் கல்லாகிவிட்டது. தமிழ்நாட்டில் வேறெதையும் பார்க்காவிட்டாலும் இதைக் கட்டாயம் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

இப்போது போனக்காட்டுக்கு வருவோம். ஆச்சரியம் என்னவென்றால், இந்த மலைப் பாறைகளில் பெரும்பகுதியும் ஒரு காலத்தில் நீரடிச் சேறுதான். புவியியலாளர் இந்தப் பாறையைக் கோண்டலைட் என்பர். ஒடிசாவின் கோண்டு மக்களின் பெயரால் வந்தது. அந்தச் சேறு படிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது. ஓடுள்ள விலங்குகள் பரவலாகத் தோன்றியதோ ஏறக்குறைய 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே சிப்பிக்கு அங்கே வழியே இல்லை. ஏதாவது இருந்திருந்தால் நுண்ணுயிர்த் தடங்கள்தான் இருந்திருக்கலாம்.

அவையும் மிஞ்சவில்லை. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர் ஆகியவற்றின் நிலத்துண்டுகள் கோண்டுவானாவாக ஒன்றோடொன்று நெருங்கி மோதின. அந்தச் சேற்றுப் பாறை சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்கி, 800 டிகிரியையும் தாண்டிய வெப்பத்தில் வெந்தது. பச்சைச் செங்கல்லில் கோழி மிதித்த தடம், சூளையில் சுட்ட பிறகும் அப்படியே இருக்கும். சூடு மிஞ்சி உருகிப்போன கல்லில் அந்தத் தடத்தைத் தேட முடியாது. போனக்காட்டுப் பாறை இந்த இரண்டாவது வகை. களிமண் கார்னெட், சில்லிமனைட் ஆகிய கனிமங்களாக மாறியது. ஓரளவு உருகவும் செய்தது. நாம் பார்க்கும் வரிகளில் பெரும்பாலானவை அந்த வெப்பமும் அழுத்தமும் போட்டவை. பழைய வண்டல் அடுக்குகள் அல்ல.

ஆனாலும் உயிர் முழுவதும் அழிந்துவிடவில்லை என்பதுதான் எனக்கு இதில் நெஞ்சைத் தொடும் விஷயம். விரலில் கறுப்பாக ஒட்டும் அந்தச் செதில்கள் கிராஃபைட், பென்சில் கரி. இதே மாவட்டத்தின் வெள்ளநாட்டில் முன்பு அதைத் தோண்டியும் எடுத்தார்கள். உயிர்கள் தம் உடலைக் கட்டும்போது கார்பனில் எடை குறைந்த வகையை அதிகம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கு எத்தனை வெந்தாலும் கரியில் ஓரளவு தங்கிவிடுகிறது. தென்கேரளப் பாறைகளில் தூவினாற்போலப் பரவிக் கிடக்கும் கிராஃபைட்டை எம். சந்தோஷ், ஹிதேகி வாடா போன்ற புவியியலாளர்கள் அளந்தபோது, உயிர்ப்பொருளிலிருந்து வந்ததற்கான அந்த அடையாளம் தெரிந்தது. உருவம் போய்விட்டது, கார்பன் மட்டும் நிற்கிறது.

இதே மாவட்டத்தின் கடலோரத்தில், வர்க்கலையில், நிலைமை தலைகீழ். பாபநாசம் கடற்கரைக் குன்றில் மணற்கல்லும் களிமண்ணும், பழுப்பு நிலக்கரியும் அடுக்கடுக்காகத் தெரியும். மயோசீன் காலத்துப் படிவுகள் அவை. பெரிய சூட்டுக்கோ ஆழத்துக்கோ போகாதவை. அதனால் மரத்துண்டும் மகரந்தமும் கரியாகி அப்படியே இருக்கின்றன. கொஞ்சம் வடக்கே, அஷ்டமுடிக் காயலோரத்துப் படப்பக்கரையில் அதே காலத்துக் கடல் சுண்ணாம்புக்கல் நத்தையும் சிப்பியுமாகக் கிடைக்கிறது.

வர்க்கலைக் குன்று தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். ஆயினும் கடலும் மழையும் அதை அரிக்கின்றன. அதன் தலையில் விடுதிகள் நெருக்குகின்றன. அரியலூரிலோ சிமெண்ட் ஆலைக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லோடு சிப்பிகளும் சூளைக்குப் போகின்றன. வெட்டாதே என்று சொல்ல முடியாது, ஊருக்குப் பிழைப்பு அது. வெட்டுமுன் பார்த்துப் பதிவு செய்ய ஆள் வேண்டும் என்று கட்டாயம் சொல்லலாம். புவியியல் மரபிடங்களைக் காக்க 2022-இல் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பது இதுதான்: படிவம் கண்ணில் பட்டால் பெயர்த்து எடுக்கக் கூடாது. எந்த அடுக்கில், எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்பது போய்விட்டால் அதன் வயதைச் சொல்வதே கடினமாகிவிடும். அளவு தெரிய பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அரியலூர் பக்கமானால் வாரணவாசி அருங்காட்சியகத்திலும், மற்ற இடங்களில் அருகிலுள்ள கல்லூரிப் புவியியல் துறையிலும் தெரிவிக்கலாம்.