தட்டினால் வெடிக்கும் கடுகு

தீபாவளி சமயத்தில் சுருள் கேப்பைத் திண்ணையில் விரித்துக் கல்லால் தட்டி விளையாடாத பிள்ளைகள் நம்மில் குறைவு. அந்தக் காகிதத்தில் இருக்கும் பொட்டைக் கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் அது வாய் திறக்காது. கல்லால் ஒரு தட்டு தட்டினால் டப்பென்று வெடித்துவிடும். விரலின் அழுத்தத்துக்கு மசியாத மருந்து கல்லின் தட்டலுக்கு ஏன் மசிகிறது?

இந்தக் கேள்விக்கான பதிலை நம்பித்தான் அமெரிக்காவில் பலர் தம் வீட்டுக் கார் கொட்டகையிலும் கீழ்த்தளத்திலும் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைச் சுத்தம் செய்து, புது மருந்தும் ரவையும் வைத்து மறுபடி நிரப்பும் வழக்கம் அங்கே நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. (நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.) அவர்கள் கையாளும் பொருள்களில் பார்வைக்கு மிகச் சிறியது, குணத்தில் மிகக் கடியது பிரைமர். தோட்டாவின் அடியில், நடுவில் வட்டமாகத் தெரியுமே, அதுதான். குறுக்களவு சிறிய வகையில் 4.4 மில்லிமீட்டர், பெரிய வகையில் 5.3. சின்ன உலோகக் கிண்ணம், அதன் அடியில் மெல்லிய படலமாக மருந்து, அதன்மேல் காலூன்றிய குட்டிப் பட்டடை. துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தின் முதுகில் இடித்ததும் மருந்து கிண்ணத்துக்கும் பட்டடைக்கும் நடுவே நசுங்கித் தீப்பிடிக்கிறது. அந்தத் தீ கூட்டின் அடியிலுள்ள துளை வழியே பாய்ந்து உள்ளே இருக்கும் முதன்மை மருந்தைப் பற்றவைக்கிறது.

அடித்தால் வெடிக்கும் பொருளைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்ற ஊரில் திருச்சபைப் பணியில் இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத், ஓய்வு நேரத்தில் பறவை வேட்டைக்குப் போவார். அன்றைய சக்கிமுக்கித் துப்பாக்கியில் வெளியே ஒரு சிட்டிகை மருந்து முதலில் எரியும். குண்டு புறப்படுவதற்குள் அந்த வெளிச்சத்தைக் கண்டு பறவை எழும்பிவிடும். தட்டியவுடன் வெடிக்கும் மருந்தை வைத்துப் புதிய விசைப்பொறி ஒன்றைச் செய்து 1807இல் காப்புரிமை பெற்றார். அதற்கு ஏழாண்டு முன்பே, பாதரச ஃபல்மினேட் என்ற உக்கிரமான பொருளைப் பற்றி எட்வர்ட் ஹோவர்ட் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியிருந்தார். அதைச் சோதிக்கும்போது அவருக்கே காயம் பட்டது. இந்த வகைப் பொருள்கள் பிறந்த நாளிலிருந்தே தம்மைத் தொட்டவர்களைச் சோதித்து வந்திருக்கின்றன.

ஆனால் அடி எப்படித் தீயாகிறது? வெகுகாலம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு சிறு தட்டலின் ஆற்றல் மருந்து முழுவதிலும் பரவினால் அதன் வெப்பம் பற்றிக்கொள்ளும் அளவுக்கு உயராது. விடையைத் தெளிவாக்கியவர், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த ஃபிராங்க் பிலிப் பவ்டன். ஆற்றல் சமமாகப் பரவுவதில்லை என்றார் அவர். மருந்துக்குள் அகப்பட்ட காற்றுக்குமிழி சட்டென்று நசுங்கும் இடத்திலோ, இரண்டு படிகங்கள் உரசும் இடத்திலோ, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள புள்ளி ஒன்று மட்டும் பல நூறு டிகிரிக்குக் கொதிக்கிறது. அந்தச் சூடு நிலைப்பது ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு வரை. அதற்குள் பக்கத்து மருந்தைப் பற்றவைத்தால் வெடி. இல்லையென்றால் சூடு ஆறிப்போகும், வெளியே நமக்கு எதுவுமே தெரியாது.

இவ்வளவு சின்னப் புள்ளியின் வெப்பத்தை எந்த வெப்பமானியால் அளப்பது? பவ்டன் குழு கண்டுபிடித்த வழி எனக்கு இன்றும் வியப்பு. வெவ்வேறு வெப்பத்தில் உருகும் பொடிகளை எடுத்துக்கொண்டார்கள். உரசும் துகள் உருகத் தொடங்கிவிட்டால் அந்த இடம் அதற்குமேல் சூடேற முடியாது. சீக்கிரம் உருகும் பொடி, எவ்வளவு கடினமானதாக இருந்தாலும், மருந்தைச் சீண்டவில்லை. உருகுநிலை சுமார் 400, 500 டிகிரிக்கு மேலே உள்ள பொடிகளோ மருந்தைச் சட்டென்று எழுப்பிவிட்டன. துகளின் உருகுநிலையே வெப்பமானி! நம் தீப்பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸோடு கண்ணாடித் தூள் கலந்திருப்பதும் இதே உரசலுக்காகத்தான்.

இப்போது கட்டைவிரலுக்கு வருவோம். கிணற்றுக் கயிற்றைப் பிடித்து மெல்ல இறங்கினால் உள்ளங்கைக்கு ஒன்றும் ஆகாது. அதே கயிற்றில் அதே ஆழம் சரிந்து இறங்கினால் தோல் உரிந்துவிடும். இரண்டிலும் ஆற்றல் ஒன்றேதான். மெல்ல வரும் சூடு பரவி ஆற நேரம் இருக்கிறது, திடீரென்று வரும் சூட்டுக்கு அந்த நேரம் இல்லை. பிரைமரும் விசையைவிட வேகத்துக்கே அதிகம் அஞ்சுகிறது. பித்தளைக் கூட்டின் குழிக்குள் அதை அழுத்திப் பொருத்த முடிவதே இதனால்தான். பொருத்தும்போது பட்டடையின் கால்கள் குழியின் தரையில் ஊன்றி மருந்து கொஞ்சம் இறுகவும் வேண்டும். அதாவது வெடிக்கும் பொருளையே நசுக்குகிறார்கள், ஆனால் நிதானமாக நசுக்குகிறார்கள்.

விபத்து நுழைவது அந்த நிதானம் குலையும் இடத்தில். நெம்புகோல் வைத்த அழுத்தும் கருவியில் கை மேலும் கீழும் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். எப்போதாவது ஒரு பிரைமர் சாய்ந்தோ குப்புறவோ வந்து சிக்கும். கைக்கு ஒரு முரண்டு தெரியும். அந்த நொடியில் உடம்பின் இயல்பு இன்னும் ஓங்கி அழுத்தச் சொல்கிறது. வீட்டில் நடக்கும் பிரைமர் வெடிப்புகளில் எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இயல்புதான். ராணுவத் தோட்டாக் கூடுகளில் இது இன்னும் எளிதாக நேரும்: பிரைமர் கழன்று விழாமலிருக்கக் குழியின் விளிம்பை ஆலையில் உள்பக்கமாக நெருக்கியிருப்பார்கள். அந்த விளிம்பை முதலில் சீர் செய்யாமல் புது பிரைமரைத் திணித்தால் அது நசுங்கும். முரண்டு தெரிந்தால் கையை எடுத்து, நெம்புகோலைத் தளர்த்தி, அந்தக் கூட்டை விலக்கி வைத்துவிட வேண்டும். பழக்கமுள்ளவர்கள் ஒவ்வொரு குழியையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே அடுத்த கூட்டுக்குப் போகிறார்கள். கண்ணாடி அணியாமல் உட்காருவதில்லை, ஏனென்றால் அந்தக் குட்டிக் கிண்ணமே சில்லாகப் பறந்து வரும்.

ஒரு பிரைமர் வெடித்தால் பெரும்பாலும் சத்தமும் சிராய்ப்பும்தான். நூறு சேர்ந்தால் கதை வேறு. வேகமாக வேலை செய்யும் கருவிகள் சிலவற்றில் நூறு பிரைமர்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு குழாயில் அடுக்கி வைப்பார்கள். அடியில் ஒன்று வெடித்தால் அந்த அதிர்ச்சி அடுத்ததற்குத் திடீர் அடி, அது அதற்கடுத்ததற்கு. கண் இமைப்பதற்குள் குழாய் முழுவதும் போய்விடும், மேலே செருகிய கம்பி கூரையை நோக்கிப் பாயும். ஆகவேதான் அந்தக் குழாயைச் சுற்றித் தடித்த எஃகு உறை போடுகிறார்கள். அதன்மேல் குனிந்து எட்டிப்பார்ப்பதும், சிக்கிய பிரைமரைக் குச்சியால் குத்தி இறக்குவதும் எக்காலத்திலும் கூடாது.

தூளையும் சொல்ல வேண்டும். குலுங்கக் குலுங்க பிரைமர்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு மருந்து உதிர்ந்து குழாயிலும் தட்டிலும் படியும். அதைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழே சிந்தியதை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சக் கூடாது, மோட்டாரின் பொறியும் உரசலும் அங்கே காத்திருக்கின்றன. எண்ணெயிலோ தண்ணீரிலோ ஊறவைத்தால் பிரைமர் செத்துவிடும் என்று நம்பவும் முடியாது. காய்ந்தபின் சில உயிர்த்தெழும். பிரைமர் ஆலைகளில் மருந்தை ஈரமாக வைத்தே கிண்ணத்தில் நிரப்பிப் பிறகு உலர்த்துகிறார்கள். ஈரத்தில் அடங்கியிருப்பது காய்ந்ததும் எழுந்துகொள்ளும் என்பதற்கு அந்த ஆலையே சாட்சி.

அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் அமைப்பு, ஒரு வீட்டில் 10,000 பிரைமருக்குமேல் வைக்க வேண்டாம் என்கிறது. கண்ணாடிப் புட்டியிலோ டப்பாவிலோ மொத்தமாகக் கொட்டி வைக்கவே கூடாது என்றும், ஆலையிலிருந்து வந்த பெட்டியிலேயே இருக்கட்டும் என்றும் வற்புறுத்துகிறது. முதன்முதலாக அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். நூறு பிரைமர்களும் ஒரு மேசைக்கரண்டியில் அடங்கிவிடும், ஆனால் பெட்டியோ உள்ளங்கையை அடைக்கும். தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு பிரைமர், அடுத்ததைத் தொடாமல், தனியாகப் படுத்திருக்கிறது. அவற்றுக்கு நடுவே இருப்பதெல்லாம் காற்று. ஒன்று வெடித்தாலும் அதன் அடி அடுத்ததை எட்டுவதற்குள் தளர்ந்துவிட வேண்டும் என்றே அந்த இடைவெளியை அளந்து விட்டிருக்கிறார்கள்.