முத்துக் கடற்கரையில் மலர்ந்த ஐக்கியம்

பாண்டிய மன்னரின் பழந்துறையாகிய கொற்கை இன்று கடலைக் காணாத ஒரு சிற்றூர். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறையைத் தூர்த்துவிட, கடல் கிழக்கே சில மைல் விலகிப் போயிற்று. முத்து வாணிபமும் கடலைத் தொடர்ந்து காயலுக்கும், புன்னைக்காயலுக்கும், முடிவில் தூத்துக்குடிக்கும் இடம் மாறியது.

இந்தக் கரையில் எவனும் தனியாளாக முத்தெடுத்ததில்லை. கல்லின் பாரத்தால் ஒருவன் கடலுக்குள் இறங்குவான். தோணியில் மற்றொருவன் கயிற்றைப் பிடித்து நிற்பான். கீழே போனவன் கயிற்றை அசைத்த மறுகணம் மேலே இருப்பவன் இழுத்தாக வேண்டும். 1961-ம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் அந்தக் கயிற்றை நம்பிப் பிழைத்த பரதவர், கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தபோதும் ஒவ்வொருவராகச் சேரவில்லை. 1535 முதல் 1537 வரை ஊர் ஊராக, பட்டங்கட்டிமார் தலைமையில், ஒரே சமூகமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து பார்த்தபோது, ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லாவிட்டாலும் சபையென்று ஒன்று இருக்கவே செய்தது.

கப்பலேறி வந்த சண்டை

இப்படி ஒன்றாய்ச் சேர்ந்தவர்களைப் பிரித்தது எது? ஐரோப்பியரின் கப்பல்கள் சரக்கை மட்டுமா ஏற்றிவந்தன! ஐரோப்பாவின் மதச்சண்டையையும் சேர்த்தே இறக்கின. 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமாரை விரட்டினார்கள். தங்கள் புராட்டஸ்டண்டு மார்க்கத்துக்குப் பரதவரை இழுக்க அவர்களுடைய போதகர்கள் முயன்றும் பலிக்கவில்லை. பனிமய மாதாவை விட்டுப் பிரிய அந்த மக்கள் இசையவில்லை. 1750-ல் டச்சுக்காரர் அதே ஊரில் தங்களுக்கென்று ஒரு தேவாலயம் கட்டிக்கொண்டார்கள். பிற்காலத்தில் அது ஆங்கிலேயரின் சபைக்கு வந்து சேர்ந்தது. கத்தோலிக்கருக்குள்ளும் சண்டை இல்லாமல் இல்லை. கோவாக் குருமார் கட்சி என்றும், சேசு சபையார் கட்சி என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளவு கண்டார்கள்.

கடற்கரையை விட்டுச் சற்று உள்ளே, பனங்காட்டுத் தேரிகளில் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே நாடார் கிராமங்களில் ஊழியம் செய்த சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு சங்கங்களும் ஒரே ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவையே. இருந்தும் கிராமங்களைப் பங்கு போட்டுக்கொண்டு, தனித்தனிப் பள்ளிக்கூடங்களும் தனித்தனிப் பணப்பெட்டிகளும் வைத்திருந்தன. 1877-ல் கல்கத்தாவில் ஒரே நாளில் இருவருக்கு அத்தியட்சர் பட்டம் சூட்டினார்கள். ஒருவர் எஸ்.பி.ஜி.யின் கால்டுவெல், மற்றவர் சி.எம்.எஸ்.ஸின் சார்ஜெண்டு. ஒரே ஜில்லாவுக்கு இரண்டு அத்தியட்சர்! ஒருவனுக்கு எந்தச் சபை என்பதை அவன் மனச்சாட்சி தீர்மானிக்கவில்லை. எந்தச் சங்கத்துப் பாதிரியார் முதலில் அவன் ஊருக்கு வந்தார் என்பதே தீர்மானித்தது.

இதைவிட ஆழமான பிளவு வேறொன்று. கொற்கையை அகழ்ந்து ஆராய்ந்தவரும் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவருமான அதே கால்டுவெல், 1849-ல் நாடார் சமூகத்தைப் பற்றி வெளியிட்ட ஆங்கில நூல் அந்த மக்களைப் புண்படுத்திற்று. நாசரேத்துப் பகுதியில் மிஷனரியோடு மோதிய சட்டாம்பிள்ளை என்ற கல்விமான், 1857-ல் வெள்ளைக்காரர் துணையில்லாத ‘இந்து கிறிஸ்தவ சபை’யைப் பிரகாசபுரத்தில் தொடங்கினார். வேதத்துக்கு உரை கண்டதில் மட்டும் எழுந்த பிரிவு என்று இதைச் சொல்லிவிட முடியாது. சமமாக நடத்தப்படாதவன் மனம் கசந்து பிரிந்தான் என்பதே பொருத்தம்.

நண்பர்களைத் தேடியவர்

பரதவரின் மணப்பாட்டுக் கரையிலிருந்து அதிகத் தூரமில்லாத வெள்ளாளன்விளையில், 1874 ஆகஸ்டு 17-ம் தேதி, ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தார் வேதநாயகம் சாமுவேல் அசரியா. மெஞ்ஞானபுரத்திலும், திருநெல்வேலியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். 1895 முதல் வாலிபர் கிறிஸ்தவ சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.யில் வேலை பார்த்தார். அங்கேதான் அமெரிக்கரான ஷெர்வுட் எடியின் நட்புக் கிடைத்தது. இருவரும் ஊர் ஊராகச் சேர்ந்து பயணம் செய்தார்கள், சேர்ந்தே ஜெபித்தார்கள். ஆனால் எடி காங்கிரிகேஷனல் சபையார், அசரியா ஆங்கிலிக்கன். ஒரே பந்தியில் சோறு உண்ணலாம். ஒரே பீடத்தில் இராப்போஜனம் பெற ஆங்கிலிக்கன் சட்டம் இடங்கொடுக்கவில்லை.

1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மகாநாடு கூடிற்று. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகளில் ஆசியர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. மேடையேறிய அசரியா, வந்திருந்த துரைமார் எதிர்பாராத பேச்சைப் பேசினார். மிஷனரிமார் செய்த தியாகத்தை அவர் மறுக்கவில்லை. ஏழைக்குப் பொருள் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தியச் சகோதரனை வீட்டுக்கு அழைத்து உடன் உட்கார்த்தி உண்ணும் மிஷனரிமார் எத்தனை பேர் என்று கேட்டார். இந்தியச் சபைக்கு வேண்டியது நண்பர்களே என்று முடித்தார். சபையில் பலருக்கு முகம் கறுத்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1912 டிசம்பர் 29-ல், அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராகத் தோர்ணக்கலுக்கு அபிஷேகம் செய்யப்பட்டார்.

தரங்கம்பாடியில் இரண்டு நாள்

1919 மே முதல் தேதியும் இரண்டாம் தேதியும் தரங்கம்பாடியில் முப்பத்துமூன்று பேர் கூடினார்கள். 1706-ல் சீகன்பால்கு வந்திறங்கிய ஊர் அது. இருவரைத் தவிர மற்றெல்லோரும் இந்தியர். பிரிவினைகள் இந்தியர் உண்டாக்கியவை அல்ல, பிற நாட்டிலிருந்து சுமத்தப்பட்டவை, அவற்றைச் சுமந்துகொண்டு இந்த நாட்டுக்கு எப்படிச் சுவிசேஷம் சொல்வது என்று அங்கே வெளியிட்ட அறிக்கை கேட்டது. வேதாகமம், பழைய விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் இராப்போஜனமும், அத்தியட்சர் முறை என்ற நான்கும் ஐக்கியத்துக்கு அடிப்படையாக வைக்கப்பட்டன.

முதல் மூன்றில் அதிகத் தகராறு எழவில்லை. நான்காவதில் சிக்கல் முடிச்சு விழுந்தது. அத்தியட்சர் கை வைத்து அபிஷேகம் செய்யாதவர் போதகரா என்று ஆங்கிலிக்கன் கேட்க, அத்தியட்சரே இல்லாமல் சபை நடத்தி வந்த காங்கிரிகேஷனல் சபையார் கொதித்தார்கள். 28 ஆண்டுகள் குழுக் கூட்டங்கள், திருத்தங்கள், மறுபடியும் குழுக் கூட்டங்கள்! இங்கிலாந்திலிருந்தும் எதிர்ப்பு வந்தது; கவிஞர் டி. எஸ். எலியட் 1943-ல் இத்திட்டத்தைக் கண்டித்து ஒரு சிறு பிரசுரமே எழுதினார். ஏற்கெனவே உள்ள போதகர் யாவரையும் மறு அபிஷேகமின்றி ஏற்பது, இனி வருகிறவரை அத்தியட்சரே அபிஷேகம் செய்வது என்ற ஏற்பாட்டால் முடிச்சு அவிழ்ந்தது.

அசரியா 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கலில் காலமானார். இந்திய ஆங்கிலிக்கன் பொதுச்சங்கம் திட்டத்துக்குச் சம்மதம் தந்தது அதே ஜனவரி மாதத்தில். அதைக் கேட்க அவர் இல்லை. நாடு விடுதலை பெற்ற ஏழாவது வாரம், 1947 செப்டம்பர் 27-ல், சென்னை செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபையார் மூவரும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் ஒரு குடும்பமானார்கள். நந்தியாலில் ஒரு சாரார் மட்டும் உடனே சேராமல் விலகி நின்றார்கள். அத்தியட்சர் மரபும் அத்தியட்சரில்லா மரபும் ஒரே சபையாய் இணைந்ததில் உலகுக்கே இது முன்மாதிரி.

டச்சுக்காரர் கட்டிய தூத்துக்குடித் தேவாலயம் இன்று அந்தத் திருச்சபையின் ஆலயம். 2003-ல் தூத்துக்குடி-நாசரேத் என்ற தனித் திருமண்டலமும் அமைந்தது. ஒன்றாய்ச் சேர்ந்தவர்கள் உள்ளுக்குள் சண்டையிடுவதில்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள். தென்னிந்தியத் திருச்சபையின் தேர்தல் வழக்குகள் நீதிமன்றப் படியேறுவது ஊரறிந்த சங்கதி.

அதே ஊரில் பனிமய மாதா பேராலயம் நிற்கிறது. ஆகஸ்டு 5-ம் தேதித் திருவிழாவுக்குச் சபைப் பேதமின்றி, மதப் பேதமுமின்றி ஜனங்கள் கூடுகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் கிறிஸ்தவ ஐக்கியத்தைப் பற்றிய ஆணையை வெளியிட்ட பிறகு, பிற சபையாரைப் ‘பதிதர்’ என்று தள்ளிய பழைய பேச்சு அடங்கிற்று. 1995-ல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் வெளிவந்தது. ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஐக்கியத்துக்கென்றே ஜெப வாரம் அனுசரிக்கப்படுகிறது. ஆனால் நற்கருணைப் பந்தியில் மட்டும் கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் இன்னமும் தனித்தனியேதான் உட்காருகிறார்கள்.