மதர்போர்டு வாங்கலையோ... மதர்போர்டு!

புதுசா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறீங்களா? வாழ்த்துகள் பாஸ்! இந்நேரம் உங்கள் ஹாஸ்டல் ரூமில் ஒரு பட்டிமன்றமே நடந்து முடிந்திருக்கும். 'பிராசஸர் இன்டெல்லா, ஏ.எம்.டி.யா?', 'கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை ஜி.பி.?' என்று ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்லியிருப்பார்கள். கடைசியில், 'மிச்சம் இருக்கிற காசுக்கு ஏதோ ஒரு போர்டைப் போட்டுக்கலாம்டா' என்று கூட்டம் கலைந்திருக்கும். சிக்கலே அங்கதான்!

ராமை அடுத்த செமஸ்டரில் கூட்டிக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ் கார்டை வேலை கிடைத்து, முதல் மாசச் சம்பளத்தில்கூட வாங்கலாம். ஆனால், மதர்போர்டை மாற்றுவது என்றால் மொத்தப் பெட்டியையும் பிரித்து மேய வேண்டும். சமயத்தில் பிராசஸர், ராம் எல்லாமே புதுசாக வாங்க வேண்டி வரும். வீட்டில் சீட்டுப் பணத்தை எடுத்து, 'காலேஜ் முடியிற வரைக்கும் இதுதாம்ப்பா' என்று சொல்லிக் கொடுத்த காசு என்றால், அந்த நாலு வருஷமும் இந்த ஒரு பலகை மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால், லிஸ்ட்டில் கடைசியில் இருக்கும் போர்டைக் கொஞ்சம் மேலே தூக்கிப் போடுங்கள்.

நாற்காலி யாருக்கு?

முதலில் பார்க்க வேண்டியது சாக்கெட். பிராசஸர் உட்காரும் நாற்காலி இது. ஒரு நாற்காலியில் வேறு ஜாதி பிராசஸர் உட்காரவே முடியாது. இந்த நாற்காலிக்கு ஆயுசு எவ்வளவு என்பதில்தான் இரண்டு கம்பெனிகளும் வேறு வேறு ரூட்டில் போகின்றன.

ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் வந்தது 2016-ல். 2017-ல் முதல் தலைமுறை ரைஸனுக்காக வாங்கிய போர்டுகளில் பலவற்றில், 2020-ல் வந்த ரைஸன் 5000 வரிசையைக்கூட பயாஸ் அப்டேட் செய்து மாட்டிவிடலாம். செகண்ட் இயரில் சின்ன பிராசஸர், ஃபைனல் இயரில் பெரிய பிராசஸர், போர்டு அதே போர்டு! 2022 செப்டம்பரில் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டையும் 2027 வரையிலும் அதற்கு மேலும் தாங்குவோம் என்று ஏ.எம்.டி. சொல்லியிருக்கிறது. ரைஸன் 7000, 8000ஜி, 9000 மூன்றுமே அதில்தான் உட்காருகின்றன.

இன்டெல் கதை வேறு. 2021 கடைசியில் வந்த எல்.ஜி.ஏ.1700 சாக்கெட், 12, 13, 14 என மூன்று தலைமுறைகளைத் தாங்கியது. 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200எஸ் வந்தபோது எல்.ஜி.ஏ.1851 என்று நாற்காலியையே மாற்றிவிட்டார்கள். பழைய போர்டில் புது சிப்பை மாட்ட முடியாது. இன்டெல் மட்டம் என்று அர்த்தமில்லை. ஆனால், தவணை முறையில் கம்ப்யூட்டரை வளர்க்க நினைக்கிற ஸ்டூடன்ட்டுக்கு ஏ.எம்.5 போர்டுதான் தோது என்பது என் கட்சி.

அடுத்தது ராம். ஏ.எம்.4-க்கு டி.டி.ஆர்.4 மட்டும், ஏ.எம்.5-க்கு டி.டி.ஆர்.5 மட்டும். எல்.ஜி.ஏ.1700-ல் இரண்டு வகை போர்டுகளும் உண்டு. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் பின்கள் 288-தான். அதனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால், நடுவில் இருக்கிற வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றுக்குள் இன்னொன்றை அழுத்தினால் உடையுமே தவிர, உட்காராது. 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில், ராம் விலை தாறுமாறாக எகிறியது. அதனால் சீனியரிடமோ, அண்ணன் கம்ப்யூட்டரிலோ நல்ல டி.டி.ஆர்.4 ராம் சும்மா கிடக்கிறது என்றால், அதற்கேற்ற போர்டைத் தேடுவது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

பெரிய நம்பர், சின்ன போர்டு!

இப்போது சிப்செட். போர்டின் பெயரிலேயே இருக்கும். ஏ.எம்.டி.யில் 'ஏ' என்றால் சிக்கனம், 'பி' நடுத்தரம், 'எக்ஸ்' பணக்காரன். இன்டெல்லில் அதே வரிசை 'ஹெச்', 'பி', 'இஸட்'. பெரும்பாலான காலேஜ் பட்ஜெட்டுக்கு 'பி'தான் சரி. பிராசஸரை ஓவர்கிளாக் பண்ண விடாத சாதா ஐ5-ஐ வாங்கிவிட்டு, ஓவர்கிளாக்குக்கென்றே இருக்கும் இஸட்790 போர்டில் உட்கார வைப்பது, டி.வி.எஸ். ஃபிஃப்டிக்கு ரேஸ் டயர் மாட்டுகிற கதை. அதே நேரம் ஹெச்610 மாதிரி அடிமட்டப் போர்டுகளில் பெரும்பாலும் ராம் ஸ்லாட்டே இரண்டுதான். இரண்டையும் நிரப்பிவிட்டால், பிறகு கூட்டுவதற்குப் பழசைக் கழற்றித்தான் ஆகணும்.

இதில் ஒரு குசும்பு இருக்கிறது, கவனியுங்கள். பி650-ஐ விட பி840 பெரிய நம்பர்தானே? புதுசும் அதுதானே? கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார். ஆனால், பி650-ல் பிராசஸரை ஓவர்கிளாக் பண்ணலாம், பி840-ல் முடியாது. பி840-ன் சிப்செட் தருகிற பி.சி.ஐ. பாதைகளும் பழைய 3.0 வேகம்தான். குணத்தில் அது 'ஏ620'க்குத்தான் சொந்தக்காரன். பி650-க்கு நிஜமான வாரிசு வேண்டுமென்றால் பி850. நம்பரைப் பார்த்து பில் போட்டுவிடாதீங்க.

பெயருக்கு அப்புறம், போர்டையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வருவது 12 வோல்ட். பிராசஸர் குடிப்பதோ சுமார் 1 வோல்ட். நடுவில் அதைக் குறைத்துத் தருகிற பகுதிக்குப் பெயர் வி.ஆர்.எம். சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கிற குட்டிக் குட்டிக் கட்டிகள்தான் அது. நல்ல போர்டில் அதன் மேல் அலுமினிய ஹீட்சிங்க் உட்கார்ந்திருக்கும். மொட்டையாக விட்ட போர்டில் ரைஸன் 9 மாதிரி பசிக்கார பிராசஸரைப் போட்டு, மூணு மணி நேரம் வீடியோ ரெண்டர் கொடுத்தால், சூடு தாங்காமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏ.சி. இல்லாத ரூம், மே மாதம், சென்னை... கேட்கவே வேண்டாம். சின்ன பிராசஸர்தான் போடப்போறேன் என்றால் இதற்கு ரொம்ப அலட்டிக்க வேண்டாம்.

சைஸையும் பார்த்துடுங்க. ஏ.டி.எக்ஸ். என்றால் 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244. மினி ஐ.டி.எக்ஸ். வெறும் 170க்கு 170. கடைசியானது கைக்குட்டை சைஸில் கொள்ளை அழகாக இருக்கும். ஆனால் பி.சி.ஐ. ஸ்லாட் ஒன்றே ஒன்று. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். நமக்குப் போதும். எம்.2 ஸ்லாட் இரண்டாவது இருக்கட்டும். ஹாஸ்டலில் லேன் வயர் கிடையாது என்றால் வைஃபை உள்ள போர்டாகப் பாருங்கள்.

இன்னொன்று... போர்டில் ஹெச்.டி.எம்.ஐ. இருக்கிறது என்பதற்காக டிஸ்ப்ளே வரும் என்று அர்த்தமில்லை! பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் இருந்தால்தான் அந்த ஓட்டைக்கு உயிர். இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் கிராஃபிக்ஸ் கிடையாது. ரைஸன் 5600-ல் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. 'கார்டு அப்புறம் வாங்கிக்கலாம்' என்று நினைப்பவர்கள் இந்த ஒரு எழுத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ரவுண்டு

சென்னைப் பசங்க என்றால் அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்து ரிச்சி ஸ்ட்ரீட், நரசிங்கபுரம் தெரு பக்கம் ஒரு சுற்று சுற்றாமல் இருக்க மாட்டீர்கள். நாலு கடையில் விலை கேளுங்கள், வெட்கப்படாதீங்க. ஆனால் விலைக்கு முன்னாடி, போர்டின் முழு மாடல் பெயரை செல்போனில் போட்டு, கம்பெனி வெப்சைட்டில் அந்த போர்டு தாங்கும் பிராசஸர் பட்டியலைத் திறங்கள். உங்கள் பிராசஸருக்கு நேரே எந்த பயாஸ் வெர்ஷன் வேண்டும் என்று போட்டிருக்கும். ஏன் சொல்கிறேன் என்றால், கடையில் தூங்கிக்கொண்டிருக்கும் பி650 போர்டு, ரைஸன் 9000 வருவதற்கு முன்பே பெட்டிக்குள் போனதாக இருக்கலாம். அதற்குப் புது பிராசஸரை அடையாளமே தெரியாது. பின்பக்கம் 'பயாஸ் ஃப்ளாஷ்பேக்' பட்டன் இருக்கிற போர்டு என்றால் கவலை இல்லை. பிராசஸரே இல்லாமல், பென்டிரைவிலிருந்து அப்டேட் பண்ணிக்கலாம். அந்த ஒரு பட்டனுக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை.

ஏ.எம்.5-லும் இன்டெல்லிலும் பின்கள் இருப்பது பிராசஸரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில். ஏ.எம்.5-ல் மொத்தம் 1,718! தலைமுடி மாதிரி மெல்லிசு. ஒன்று வளைந்தாலும் போச்சு. வளைந்த பின்னுக்கு வாரன்டி தரமாட்டார்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே, கடைக்காரர் கையாலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட்ஹேண்ட் போர்டு என்றால் இது கட்டாயம். பில்லில் சீரியல் நம்பர் இருக்கணும். 'பில் இல்லாமன்னா குறைச்சுத் தர்றேன் தம்பி' என்ற பேச்சே வேண்டாம்.

ஸ்க்ரூ டிரைவரை எடுங்க

மின்விசிறிக்கு நேர் கீழே, கம்பளி விரிப்பில் உட்கார்ந்து ஆரம்பிக்காதீர்கள். டேபிள் போதும். இரும்பு பீரோவை ஒருமுறை தொட்டு, உடம்பிலுள்ள ஸ்டாட்டிக்கை இறக்கிவிட்டு வாருங்கள். போர்டை அதன் அட்டைப் பெட்டி மேலேயே வையுங்கள். கேபினெட்டுக்குள் மாட்டும் முன் பிராசஸர், ராம், எம்.2, கூலர் நான்கையும் வெளியிலேயே மாட்டிவிடுவதுதான் சுகம்.

பிராசஸரின் மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் வரட்டும். மேலிருந்து அப்படியே விடுங்கள், அழுத்தாதீர்கள். லீவரை இறக்கும்போது 'கறக்'கென்று ஒரு சத்தம் வரும், நெஞ்சு பதறும். பயப்படாதீங்க, அது அப்படித்தான். மேலே மூடியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் தானே கழன்று வந்துவிடும். அதைக் குப்பையில் போடாதீர்கள். வாரன்டிக்கு அனுப்பும்போது சாக்கெட்டின் மேல் அது இல்லை என்றால் வம்பு.

ராம் ஸ்லாட் நான்கு இருந்து ராம் இரண்டு என்றால், பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4-ல் மாட்டுவதுதான் வழக்கம். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் டூயல் சேனல் கிடைக்காமல் பாதி வேகத்தைத் தானம் செய்தது மாதிரி ஆகும். எம்.2 மேல் இருக்கிற ஹீட்சிங்க்கின் அடியிலும், கூலரின் அடியிலும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துடாதீங்க. கூலர் ஃபேன் வயர் போக வேண்டிய இடம் 'சி.பி.யு. ஃபேன்' என்று எழுதியிருக்கும் பின்.

கேபினெட்டில் முதலில் பின்பக்கத் தகடு. அப்புறம் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள். போர்டில் ஓட்டை எங்கெங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்! ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், போர்டின் முதுகில் குத்தி ஷார்ட் ஆகும். பவர் வயர்கள் இரண்டு. பெரியது 24 பின். இன்னொன்று பிராசஸருக்கான 8 பின், மேல் மூலையில் ஒளிந்திருக்கும். கிராஃபிக்ஸ் கார்டின் 8 பின் வயரும் பார்க்க அதன் தம்பி மாதிரியே இருக்கும். வயரிலேயே 'சி.பி.யு.' என்று அச்சடித்திருக்கும், படித்துவிட்டுச் செருகுங்கள். முன்பக்க பட்டன் வயர்களில் பவர் பட்டனுக்கு பிளஸ், மைனஸ் கிடையாது. எல்.இ.டி.க்கு உண்டு. மேனுவலின் படத்தைப் பார்த்துச் செய்தால் அஞ்சு நிமிஷ வேலை.

இப்போ பட்டனை அழுத்துங்க. ஃபேன் சுற்றுகிறது, ஸ்க்ரீன் கறுப்பு! ஏ.எம்.5 போர்டு என்றால் கையைக் கட்டிக்கொண்டு சில நிமிஷம் உட்காருங்கள். முதல்முறை அது ராமுக்கு 'டிரெயினிங்' கொடுத்துக்கொண்டிருக்கும். 'செத்துப்போச்சுடா' என்று பாதியில் பவரை நிறுத்துகிறவர்கள் ஏராளம். பத்து நிமிஷம் தாண்டியும் வரவில்லை என்றால், பல போர்டுகளில் சி.பி.யு., டி.ரேம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் எரிகிறதோ, சிக்கல் அங்கே. டி.ரேம் என்றால் ஒரே ஒரு ராமை மட்டும் அழுத்தி மாட்டிப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் சரியாகிவிடும். கார்டு போட்டிருந்தால், மானிட்டர் வயர் கார்டில்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக்குங்க.

டிஸ்ப்ளே வந்ததும் கேம் டவுன்லோட் பண்ண ஓடாதீர்கள். பயாஸுக்குள் போய் ஏ.எம்.டி. என்றால் எக்ஸ்போ, இன்டெல் என்றால் எக்ஸ்.எம்.பி. ஆன் பண்ணுங்கள். இல்லாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய ராம் தன் முழு வேகத்தில் ஓடாது. பயாஸையும் புது வெர்ஷனுக்கு மாற்றிடுங்க. இது சும்மா ஃபேஷனுக்கு இல்லை. 2023-ல் சில ஏ.எம்.5 போர்டுகள் அளவுக்கு மீறி வோல்டேஜ் கொடுத்து, ரைஸன் 7800எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகிப்போயின. பயாஸ் அப்டேட் மூலம்தான் அந்த வோல்டேஜை 1.3-க்குள் கட்டிப்போட்டார்கள். 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறைப் பெரிய சிப்புகள் தள்ளாடியபோதும் மருந்து பயாஸ் வழியாகத்தான் வந்தது. ஆனால், அதற்கு முன்பே பாழான சிப்புக்கு அந்த மருந்து வேலை செய்யாது. அந்தத் தலைமுறை ஐ7, ஐ9-ஐ செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்க. அப்டேட் ஓடும்போது கரன்ட் போனால் போர்டே மயங்கிவிடலாம், ஸோ யு.பி.எஸ். இல்லாத ரூமில் செய்யாதீங்க.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடும்போது டி.பி.எம். 2.0 கேட்கும். பயாஸில் ஏ.எம்.டி.க்கு எஃப்.டி.பி.எம்., இன்டெல்லுக்கு பி.டி.டி. என்ற பெயரில் அது இருக்கும். லினக்ஸ் பார்ட்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. புது போர்டின் வைஃபையை விண்டோஸுக்குச் சில சமயம் அடையாளம் தெரியாது, இன்ஸ்டாலேஷனோ 'நெட் கொடு' என்று அடம்பிடிக்கும். வேறு கம்ப்யூட்டரில் டிரைவரை இறக்கி, பென்டிரைவில் ரெடியாக வைத்திருங்கள். அவசரத்துக்கு, செல்போனை யு.எஸ்.பி. வயரில் மாட்டி டெதரிங் ஆன் பண்ணினாலும் பல போர்டுகளில் நெட் கிடைத்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் மிச்ச ஸ்க்ரூ, சாட்டா வயர், அந்தக் கறுப்பு பிளாஸ்டிக், பில் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் போர்டு வந்த பெட்டிக்குள்ளேயே போட்டுப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். ரூம்மேட் அதில் முறுக்கு போட்டு வைப்பதற்கு முன்னாடி!