சித்தியடைந்த துவக்கும் சித்தியடையாத தொலைநோக்கியும்

சென்ற ஓகஸ்ட் மாதக் கடைசியில், நோர்வேயின் கிழக்குப் பகுதியிலுள்ள சுடுதளம் ஒன்றில் எனக்கு ஒரு கையெழுத்துக் கிடைத்தது. பெரிய மிருகங்களை வேட்டையாடுவோர் ஆண்டுதோறும் சித்தியடைய வேண்டிய சூட்டுத் தேர்வு அது. 100 மீற்றர் தூரத்தில் பனிமான் ஒன்றின் உருவம் வைத்திருப்பார்கள். அதன் நெஞ்சுப் பக்கத்தில் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டம். ஐந்து வெடிகளும் அதற்குள் விழவேண்டும். என்னுடைய ஐந்தும் விழுந்தன. பொறுப்பாளர் கையைக் குலுக்கி, தாளில் ஒப்பமிட்டுத் தந்தார்.

ஆனால் அந்தச் சுடுதளத்தில் ஒவ்வொரு வெடியும் எங்கே விழுந்தது என்பதைத் திரையில் இலக்கமிட்டுக் காட்டுவார்கள். முதலாவது நடுவில். இரண்டாவது அதற்குப் பக்கத்தில். மூன்றாவது கொஞ்சம் இடப்புறம். நான்காவது இன்னும் இடப்புறம். ஐந்தாவது, அதற்கும் இடப்புறம் தள்ளிக் கிடந்தது. வட்டத்துக்குள்தான். சட்டத்தின்படி நான் சித்தி. ஆனால் பிழையாகச் சுடுபவனின் வெடிகள் நாலாபக்கமும் சிதறும். இப்படி வரிசை பிடித்து ஒரே பக்கம் நடக்காது. ஏதோ ஒன்று அசைகிறது.

எல்க் வேட்டை செப்டெம்பர் 25 இல் தொடங்கும். எல்க் என்பது எங்கள் வன்னிக் காட்டு மரையின் இனம்தான், ஆனால் அளவில் குதிரைக்கு மேல். வளர்ந்த கிடாய் 400 கிலோவைத் தாண்டும். நான் இங்கு வந்து இருபது வருடத்துக்குப் பிறகுதான், வேலைத்தளத்து நண்பர்கள் கூப்பிட்டு, இந்த வேட்டைக்குப் போகத் தொடங்கினேன். துவக்கு வாங்கப் பொலிஸ் அனுமதி கேட்டு விண்ணப்பித்த அன்று மனைவி என்னோடு கதைக்கவில்லை. துவக்கைக் கண்டு ஓடி வந்த நாங்கள் வீட்டுக்குள் ஒன்றைக் கொண்டு வருவதா என்பது அவளுடைய கேள்வி. அதற்கு இன்றுவரை என்னிடம் நேரான பதில் இல்லை. மிருகத்தை வதைக்காமல் ஒரே வெடியில் விழுத்துவேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அந்த வாக்குத்தான் அந்தத் திரையைப் பார்த்தபோது ஞாபகம் வந்தது.

முதல் வருடம் எங்கள் குழுவில் ஒருவர் சுட்ட எல்க் விழாமல் காட்டுக்குள் போய்விட்டது. காயப்பட்ட மிருகத்தைத் தேடுவதற்கென்று பழக்கி அங்கீகாரம் பெற்ற நாயை எல்க் வேட்டைக் குழு ஒழுங்குபடுத்தி வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். நாயின் பின்னால் சதுப்பு நிலத்தில் இருட்டும்வரை நடந்தோம். அடுத்த நாள் மத்தியானம்தான் கண்டோம். அது இன்னும் உயிரோடு இருந்தது. சுட்டவர் நல்ல சூட்டாளர்.

இனி என் துவக்கு. அது 9.3×62 வகை. 1905 இல் பேர்லினைச் சேர்ந்த துவக்குத் தயாரிப்பாளர் ஒட்டோ பொக், ஆபிரிக்காவில் பெரிய மிருகங்களை வேட்டையாடிய ஜேர்மன் குடியேற்றக்காரர்களுக்காக உருவாக்கிய ரவை. இன்று ஸ்கன்டிநேவியாவில் எல்க்குக்குப் பலர் பாவிப்பது. சன்னம் 18.5 கிராம், விநாடிக்கு 700 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளியேறும். அந்த வேகத்துக்கான கணக்கை உங்கள் தோள் கட்டும். இங்கே பலரும் வைத்திருக்கும் 6.5×55 துவக்கோடு ஒப்பிட்டால் உதை இரண்டு மடங்குக்கும் மேல். தோளாவது சதை, உதையை வாங்கிப் பின்னால் போகும். துவக்கின் மேல் இறுக்கிப் பூட்டியிருக்கும் தொலைநோக்கிக்கு அந்த வசதி இல்லை. சன்னம் குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. அதற்குள் துவக்கு ஓய்விலிருந்து விநாடிக்கு நான்கு மீற்றருக்கு மேற்பட்ட வேகத்துக்குப் போகிறது. தொலைநோக்கிக்குள் இருக்கும் ஒவ்வொரு கண்ணாடியும் அந்தக் கணத்தில் தன் நிறையைப்போல் சில நூறு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும்.

என் தொலைநோக்கியோ முப்பது வயதைக் கடந்தது. ஒரு முதியவரிடம் வாங்கினேன். புதிதாக வாங்கினால் துவக்கின் விலையை எட்டும் தரத்துப் பொருள், பத்திலொரு பங்கு விலைக்குக் கிடைத்தது. நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளை எல்லாம் செய்தேன், அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

காதருகில் வைத்து மெல்ல ஆட்டினேன். உள்ளே எதுவும் கிலுங்கவில்லை. முன்கண்ணாடிப் பக்கமாக ரோர்ச் அடித்துப் பின்னாலிருந்து பார்த்தேன்; பூஞ்சணமோ, கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போனால் ஓரத்தில் தெரியும் வானவில் நிறமோ இல்லை. பிறகு பிளாஸ்ரிக் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தேன். "இதென்னப்பா, மீன் வைக்கிற இடத்திலை குழாய் ஒண்டு கிடக்குது?" என்று காலையில் கேள்வி வந்தது. வெளியே எடுத்தவுடன் வெளிப்பக்கம் புகார் பிடிக்கும், அது இயல்பு. துடைத்த பின்னும் உள்ளே புகார் நின்றால், உள்ளே அடைத்திருக்கும் உலர்ந்த வாயு போய்விட்டது, ஈரம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். என்னுடையதில் உட்பக்கம் தெளிவாகவே இருந்தது.

கடைசியாக ஒரு காட்போட் பெட்டியின் இரு பக்கங்களிலும் ஆப்பு வடிவில் வெட்டி, அதில் தொலைநோக்கியைக் கிடத்தி, தூரத்து வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தபடி மெல்ல உருட்டினேன். குறுக்குக்கோடு நடுவில் இல்லாவிட்டால் அது புகைபோக்கியைச் சுற்றி வட்டம் போடும். வட்டம் ஒரு புள்ளியாகச் சுருங்கும்வரை குமிழ்களைத் திருகினால் நடு கிடைத்துவிடும். அதுவும் சரியாக வந்தது.

இவையெல்லாம் நல்ல சோதனைகள். ஆனால் ஒன்றுகூட, அடி விழுந்தால் அது என்ன செய்யும் என்று கேட்கவில்லை. இதை விளங்கிக்கொள்ளத்தான் எனக்கு அந்தத் திரை தேவைப்பட்டது.

வெடிகள் நகர்ந்தால் குற்றவாளி தொலைநோக்கி என்று உடனே சொல்லிவிட முடியாது. சந்தேக நபர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். முதல் ஆள் சுடுபவன். உதைக்குப் பயந்து கண்ணை மூடி விசையை இழுப்பவன். அடுத்தது சூடேறிய குழல். ரவைப்பெட்டி மாறியிருக்கலாம். எல்லாவற்றையும்விட அடிக்கடி அகப்படுவது தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் வளையங்கள். துவக்கு பின்னால் பாய்கையில் தொலைநோக்கி நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கும். வளையம் இறுக்கமில்லாவிட்டால் அது மயிரிழை மயிரிழையாக முன்னுக்குச் சறுக்கும். எண்ணெய்ப் பசை இருந்தால் இன்னும் மோசம். எனவே கழற்றினேன். வளையங்களையும் குழாயையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அளவு காட்டும் முறுக்கியால் வளையத் திருகாணிகளை 2 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினேன். அதற்கு மேல் இறுக்கினால் குழாய் நசுங்கும். "நல்லா முறுக்கு" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பிறகு மகளின் சிவப்பு நகப்பூச்சால் வளையமும் குழாயும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று போட்டேன். சறுக்கினால் கோடு உடையும்.

அடுத்த சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போனேன். முன்னுக்கும் பின்னுக்கும் மண்மூட்டை வைத்து துவக்கைக் கிடத்தினேன். மண்மூட்டைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்பதை எங்கள் ஊர்க்காரருக்குச் சொன்னால் சிரிப்பார்கள். சுடுவதற்கு முன், 100 மீற்றரில் கட்டம் போட்ட தாள் ஒன்றை வைத்து, துவக்கைத் தொடாமல் குமிழை மட்டும் திருகிப் பார்த்தேன். ஒரு கிளிக்குக்கு 1 சென்ரிமீற்றர் என்பது இந்தத் தொலைநோக்கியின் கணக்கு. 20 கிளிக் வலம், 20 கீழ், 20 இடம், 20 மேல். குறுக்குக்கோடு அழகாகச் சதுரம் வரைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்தது.

அதே சதுரத்தைச் சன்னத்தால் வரைந்தபோதுதான் கதை மாறியது. ஒவ்வொரு மூலையிலும் மூன்று வெடி. ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு குழல் ஆறும்வரை கோப்பி. வலப்பக்கம் 20 கிளிக் திருகிய பிறகு முதல் வெடி 12 சென்ரிமீற்றர்தான் நகர்ந்தது. இரண்டாவது 17. மூன்றாவது 20 இல். அதாவது குமிழ் சொன்னதைத் தொலைநோக்கி உடனே கேட்கவில்லை. அடி விழ விழத்தான் கேட்டது. திரும்பிப் புறப்பட்ட மூலைக்கு வந்தபோது அந்த மூன்று வெடிகளும் பழைய இடத்திலிருந்து 7 சென்ரிமீற்றர் இடப்புறம் கிடந்தன. நகப்பூச்சுக் கோடு உடையவில்லை.

இதற்குக் காரணம் தொலைநோக்கியின் வயிற்றுக்குள் இருக்கிறது. வெளிக்குழாய்க்குள் இன்னொரு சிறிய குழாய் உண்டு. தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்தும் கண்ணாடிகள் அதற்குள் இருக்கும். மேலும் பக்கத்திலும் உள்ள குமிழ்கள் அந்த உட்குழாயை ஒரு பக்கமிருந்து தள்ளும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வில் அதைத் திருப்பித் தள்ளும். குமிழுக்கும் வில்லுக்கும் இடையிலான இந்த இழுபறியில்தான் நீங்கள் குறிவைக்கும் இடம் தங்கியிருக்கிறது. வில் களைத்துவிட்டால், குமிழ் பின்வாங்கிய இடத்தை அது உடனே நிரப்பாது. ஒவ்வோர் உதையும் உட்குழாயைக் கொஞ்சம் அசைத்து, ஏதோ ஓர் இடத்தில் விட்டுவிட்டுப் போகும். பழைய ஆட்கள் குமிழைத் திருகிய பிறகு ஒரு நாணயத்தால் தட்டுவதன் இரகசியம் இதுதான். நானும் தட்டினேன். கொஞ்சம் உதவியது. ஆனால் காட்டில் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சந்தேகம் பாக்கி, அது நான். பன்னிரண்டு வெடிக்கு மேல் 9.3 ஐ மேசையிலிருந்து சுட்டால் யாருக்கும் தோள் கூசும். ஆகவே ஒரு வாரம் விட்டு, நண்பர் ஒருவரின் நம்பகமான தொலைநோக்கியை இரவல் வாங்கி, அதே துவக்கில் அதே பெட்டி ரவையுடன் பூட்டினேன். ஆறு வெடிகள், 5 சென்ரிமீற்றருக்குள். திரும்ப என் பழையதைப் பூட்டினேன். நான்காவது வெடியிலேயே நகரத் தொடங்கியது. சோதனையில் மிகவும் பெறுமதியான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்: நல்லதை வைத்துப் பார், சந்தேகமானதை வைத்துப் பார். பெரும்பாலானவர்கள் சலித்துப்போய்ப் பாதியில் ரவையை மாற்றுவார்கள், வளையத்தை மாற்றுவார்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டு எது பிழை என்று தெரியாமலே இருப்பார்கள்.

எல்க்கின் நுரையீரல் பெரியது, 7 சென்ரிமீற்றர் என்ன பெரிய விடயம் என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 7 என்று நிச்சயமாகத் தெரிந்தால் அதைத் திருத்திவிடலாம். நாளை அது 7 ஆ, 17 ஆ, எந்தப் பக்கம் என்பதே எனக்குத் தெரியாது.

விற்ற முதியவருக்குத் தொலைபேசி எடுத்தேன். சண்டை பிடிக்க அல்ல. அவர் சொன்னார், முப்பது வருடம் 6.5×55 துவக்கில் வைத்திருந்தேன், ஒருநாளும் அசைந்ததில்லை என்று. அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். அந்த உதைக்கு அந்த வில் போதுமாக இருந்திருக்கும். பாதிப் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார், நான் வேண்டாமென்றேன்.

செப்டெம்பர் 25 காலையில் இரவல் தொலைநோக்கியோடுதான் காட்டுக்குப் போனேன். கட்டாயமில்லை என்று சொன்னபோதிலும், அந்தத் தொலைநோக்கியோடு சூட்டுத் தேர்வை இன்னொரு முறை செய்துவிட்டுத்தான் போனேன். பழையது இப்போது கழகத்தின் 22 கலிபர் பயிற்சித் துவக்கு ஒன்றின் மேல் இருக்கிறது. அதற்கு உதையென்று சொல்ல ஒன்றுமில்லை. 50 மீற்றரில் மகள் அதை வைத்துச் சுடப் பழகுகிறாள். இருநூறு வெடிக்கு மேல் போய்விட்டது, இன்னும் நடுவில்தான் நிற்கிறது.