பூனைக்குட்டியின் பிரயத்தனம்

வேதாந்த தேசிகர் 1268-ஆம் ஆண்டில் அவதரித்த தூப்புலைத் தன்னகத்தே கொண்ட காஞ்சிபுரத்தில், தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், தாய் வாயில் கவ்வித் தூக்கிச் செல்லும் பூனைக்குட்டியையும் திருஷ்டாந்தமாக வைத்து, சரணாகதியில் ஜீவனுடைய முயற்சிக்கு எவ்வளவு இடமுண்டு என்று வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக விசாரித்து வந்திருக்கிறார்கள். அந்தத் தத்துவ விசாரத்தைப் பெரியோர்களுக்கு விட்டுவிட்டுப் பூனைக்குட்டியை மட்டும் உற்று நோக்குவோமானால், தாய் கவ்வும்போது கால்களை மடக்கி அசைவற்றுத் தொங்கும் அதே குட்டி, பாலுக்காகச் செய்யும் பிரயத்தனம் சாமானியமானதன்று என்பது விளங்கும்.

பிறக்கும்போது அதன் எடை சுமார் 100 கிராம், கண் திறக்க ஒரு வாரத்திற்கு மேலாகும், செவியும் அடைத்திருக்கும், உடலின் உஷ்ணத்தைத் தானே காத்துக்கொள்ளும் சக்தியோ சிறிதும் இராது. அப்படியிருந்தும், மோப்பத்தையும் தாயின் உடற்சூட்டையும் துணையாகக் கொண்டு ஊர்ந்து சென்று முலைக்காம்பைப் பற்றி, முன்னங்கால்களால் மாறி மாறி அழுத்திப் பாலைச் சுரக்கச் செய்கிறது. சில தினங்களுக்குள் ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பை வரித்துக்கொண்டு பெரும்பாலும் அதையே நாடுவது பார்த்து மகிழத்தக்க விசேஷம். முதலில் சுரக்கும் சீம்பாலில் நோயை எதிர்க்கும் சக்தி நிறைந்திருக்கிறது. ஆனால், பிறந்து ஒரு நாள் கடந்துவிட்டால் குட்டியின் குடல் அச்சக்தியை இரத்தத்தில் சேர்க்கும் திறனை இழந்துவிடுகிறது.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில், நெய்யாமல் விட்ட தறிக்குழியோ பழைய மரப்பெட்டியின் மறைவோ ஈன்ற பூனைக்கு ஏற்ற இடமாகிவிடும். தாய் இரை தேடிப் போயிருக்கும் வேளையில் குட்டிகளின் சத்தத்தைக் கேட்டு, அவை அநாதைகள் என்று இரங்கி, எடுத்துவந்து சங்கில் பசும்பாலைப் புகட்டும் அன்பர்கள் பலர். அந்த அன்பே அபாயமாக முடிவதுதான் என் மனத்தை வருத்துகிறது. பூனைப்பாலில் உள்ள புரதம் பசும்பாலில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பசும்பாலின் சர்க்கரையோ குட்டிக்குச் சரிவர ஜீரணமாகாமல் வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடும். தனித்துக் கிடக்கும் குட்டி அநாதையாகவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை; பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். இடம் மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தானே தூக்கிச் செல்ல வேண்டும்! ஆகையால் சில மணி நேரம் தூர நின்று கவனிப்பதே முதல் உபகாரம்.

தாய் உண்மையாகவே இறந்துபோயிருந்தால், பாலுக்கு முன் சூடு அவசியம். உடல் சில்லிட்ட குட்டிக்கு ஜீரண சக்தி இராதாகையால், பழைய வேட்டியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் படுக்கையின் ஒரு பக்கத்தில் வைத்து, அதன் உடல் இளஞ்சூடான பிறகே பால் தரவேண்டும். கால்நடை மருத்துவரைக் கேட்டு, பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்து, குட்டியை மல்லாத்தாமல் குப்புற வைத்து, சிறு புட்டியால் மெல்லப் புகட்டவேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் பால் நுரையீரலில் இறங்கிவிடும். முதல் வாரத்தில் இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கொரு முறை இது நடக்கவேண்டும். ஒவ்வொரு முறையும், தாய் நாவால் நக்கிச் செய்வதை நாம் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றிலும் அதன் கீழும் தடவிச் செய்தாலன்றி, அதற்கு மலஜலம் கழியாது. நாளொன்றுக்குப் பத்துக் கிராமாவது எடை கூடுகிறதா என்று பார்க்க, பட்டுநூல் நிறுக்கும் தராசே போதும்.

மூன்றாவது வாரத்தில் பால் பற்கள் முளைக்கின்றன. தாயோடு இருக்கும் குட்டிகளானால், நான்காவது வாரம் முதல், இதுவரை ஓடிவந்து படுத்துப் பாலூட்டிய தாய், குட்டிகள் நெருங்கும்போது எழுந்து போகிறாள். அல்லது காம்புகள் மறையும்படி வயிற்றைத் தரையில் அழுத்திக்கொள்கிறாள். கவ்வித் தூக்கியதைப் போலவே இவ்வாறு விலக்குவதும் அவளுடைய வாத்ஸல்யத்தின் ஓர் அம்சம் என்றே நான் கொள்கிறேன். அப்போது தட்டையான தட்டில், மேற்சொன்ன பால்மாவின் கரைசலோடு குழைத்த ஆகாரத்தை வைத்துப் பழக்கலாம்; உப்பும் மசாலாவும் வெங்காயமும் பூண்டும் சேராமல் வேகவைத்து, முள் நீக்கி மசித்த மீனோ, கோழிக்கறியோ பிற்பாடு தரலாம். தயிர்சாதம் மட்டுமே கிடைக்கும் வீடுகளில் பூனை வயிறு நிறைந்தும் வாடுவதுண்டு. மாமிசத்தில் உள்ள டாரின் என்னும் சத்தைத் தன் உடலிலேயே போதிய அளவு உற்பத்தி செய்துகொள்ள அதனால் இயலாது. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடுமென்று 1975-இலும், இதயம் நலியுமென்று 1987-இலும் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள்.

பாலூட்டும் தாய்க்கும் வழக்கத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகாரம் வேண்டும். எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைக் கேட்டு வருவோரிடம், எவ்வளவு நெருங்கிய உறவினராயினும், இன்னும் சில நாள் பொறுத்து வரும்படி சொல்லிவிட வேண்டும். கடிக்காமல் விளையாடவும், மண்ணைக் கிளறி மலத்தை மூடவும் குட்டி பழகுவது அந்த வாரங்களில் தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்துதான்.